பழையாறு டு வேதாரண்யம், 59 கடல் மைல்: ஒரு படகு மோட்டார் பட்டறை பற்றி

பட்டறை நல்ல பட்டறை, நம்பிப் போகலாம். ஆனால் இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்று பட்டறைக்காரர் சொன்னால் ஐந்து நாள் என்று நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள், ரசீது கேட்காதீர்கள், பெட்ரோல் கேனுக்கு நாலடி தள்ளி நின்று பீடி பற்றவைப்பார், அப்போது மட்டும் டீ குடிக்கப் போவதுபோல் வெளியே வந்துவிடுங்கள். பெயர்ப் பலகை கிடையாது. சீர்காழியிலிருந்து புதுப்பட்டினம் வழியாகப் பழையாறு போகும் பக்கம், கீற்றுக் கொட்டகை, வாசலில் தண்ணீர் நிரப்பிய நீல டிரம், அதில் எந்நேரமும் ஏதாவது ஒரு மோட்டார் மாட்டியிருக்கும். எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, "எழுது தம்பி, பேரைப் போடாதே, இருக்கிற வேலையே முடியல" என்றார். அதனால் அண்ணன் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் கடல்காரன் இல்லை. சீர்காழியில் ஹார்டுவேர் கடை. மச்சினன்தான் கடல்காரன், வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் 16, கஜா கரையேறிய அன்று அவன் படகு தென்னந்தோப்புக்குள் கிடந்தது, அணியம் ஒரு பக்கம், பின்பகுதி ஒரு பக்கம், மோட்டாரைக் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அதன் பிறகு வெளிநாட்டுக்குப் போய்விட்டுச் சென்ற வருடம்தான் திரும்பினான். இந்த மாசியில் பழையாறில் ஒரு பழைய பைபர் படகு விலைக்கு வந்தது, 9.9 குதிரைத்திறன் நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரோடு. வாங்கிவிட்டான். லாரியில் ஏற்றிக் கொண்டுபோக 14,000 கேட்டார்கள். "எதுக்கு மாமா, கடல்லயே ஓட்டிட்டுப் போயிடலாம், ஒரு நாள்தானே" என்றான். அவனும் அவன் கூட்டாளி ஒருவரும் போவதாகத் திட்டம், நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் என் மனைவியும் அவள் தம்பியுமாக என்னைத் திட்டிய கதை தனி.

விற்றவர் மோட்டார் போன மாதம்தான் சர்வீஸ் ஆனது என்றார். எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றுதான் அண்ணன் பட்டறைக்குப் போனோம். பிளக்கைத் துடைத்து, ஆயில் மாற்றிக் கொடுப்பார், மறுநாள் கிளம்பிவிடலாம் என்று நினைப்பு.

அவர் மோட்டாரைத் தொடவே இல்லை. "எங்கே போறீங்க?" என்றார். வேதாரண்யம் என்றோம். "வழியில எங்கெங்கே ஒதுங்குவீங்க?" மச்சினன் சிரித்தான். பதினைந்து வயதிலிருந்து கடலுக்குப் போகிறவனிடம் என்ன கேள்வி இது என்ற சிரிப்பு. அதற்கு அவர் சொன்னது: "உன் ஊர்க் கடலுக்கு நீ போயிட்டு வர்றது வேற. அங்கே எந்த இடத்துல அலை உடையும், எவன் வலை எங்கே கிடக்கும்னு உனக்குத் தெரியும், நீ வரலைன்னா சாயங்காலமே தேடி வருவான். இது வழிநெடுக அடுத்தவன் ஊரு." மச்சினன் சிரிப்பு நின்றது. நான் இந்தப் பட்டறைக்குக் கொடுத்த காசில் பாதி அந்த வார்த்தைக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

சரி, மோட்டாருக்கு வருகிறேன். டிரம்மில் மாட்டி அரைமணி நேரம் ஓடவிட்டார். மோட்டாரின் பின்னால் ஒரு சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும், குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறதா என்பதற்கு அதுதான் அடையாளம். எங்களுடையது சொட்டச் சொட்ட வந்தது. கழற்றினால் உள்ளே பம்பின் இம்பெல்லர், ரப்பர் சக்கரம், இதழ்கள் தேய்ந்து பழைய செருப்பு மாதிரி இருந்தது. கொள்ளிடம் முகத்துவாரத்தில் ஓடுகிற மோட்டார் தண்ணீரோடு மணலையும் சேர்த்தே குடிக்கும், ரப்பர் அரைபடத்தான் செய்யும். அதோடு போயிருந்தால் கடலில் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடியதும் சூடேறி நின்றிருக்கும்.

அடுத்து கியர் ஆயிலை இறக்கினார். டீக்கடைப் பால் மாதிரி வெள்ளையாக வந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்தால் அப்படித்தான் வருமாம். புரொப்பல்லரைக் கழற்றிக் காட்டினார்: தண்டோடு நைலான் நரம்பு சுற்றிச் சுற்றி இறுகி, ஆயில் சீலை அறுத்துவிட்டிருக்கிறது. அறுந்த வலைத் துண்டு, தூண்டில் நரம்பு எல்லாம் இப்படி நுழையும், வெளியே பார்த்தால் தெரியாது. போன மாதம் சர்வீஸ் ஆன மோட்டாராம்! பழைய படகு வாங்கப் போகிறவர்கள் வேறு எதையும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கீழ்த் திருகைக் கழற்றிக் கியர் ஆயில் நிறத்தை மட்டும் பார்த்துவிடுங்கள்.

பெட்ரோல் விஷயம் எனக்குப் புதிது. படகோடு வந்த கேனில் பாதி பெட்ரோல் இருந்தது. அதில் கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் அடியில் அரை விரல் உயரத்துக்குத் தனியாக ஒரு அடுக்கு. இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் ஈரத்தை இழுக்கும், தண்ணீர் ஓர் அளவைத் தாண்டியதும் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். மோட்டாருக்குப் போகிற குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். கடற்கரைக் காற்றில் கேன் மூடி சரியாக இல்லாமல் ஒரு மாதம் கிடந்தால் கேட்கவே வேண்டாம். அதைக் கீழே கொட்டாமல் வேறு கேனில் தனியாக எடுத்து வைத்தார், பழைய போல்ட் கழுவ ஆகுமாம். புதுப் பெட்ரோலைக் கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம்தான் வாங்க வேண்டும் என்றார். குழாய் வழியில் தண்ணீர் பிரிக்கும் பில்டர் ஒன்றும் மாட்டினார், 10 மைக்ரான், கீழே கண்ணாடிக் கிண்ணம் மாதிரி இருக்கும், தண்ணீர் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும், திருகித் திறந்து விட்டுவிடலாம். 1,450 ரூபாய். என் கடையில் வருகிறவர்களிடம் நானே இப்படிப் பொருளைத் தலையில் கட்டுவேன் என்பதால் முதலில் சந்தேகப்பட்டேன். காரைக்காலுக்கு நேரே கடலில் அந்தச் சந்தேகம் தீர்ந்தது, அது பின்னால்.

இதற்கிடையில் ஒரு நாள் கணக்குப் பாடம் நடந்தது. ஒரு பிளைவுட் பலகையில் சாக்பீஸால் எழுதினார். பழையாறு 11 டிகிரி 21 நிமிடம். பூம்புகார் 11 டிகிரி 8. தரங்கம்பாடி 11 டிகிரி 1. காரைக்கால் 10 டிகிரி 55. நாகப்பட்டினம் 10 டிகிரி 46. வேளாங்கண்ணி 10 டிகிரி 41. வேதாரண்யம் 10 டிகிரி 22. எல்லாம் அட்சரேகை. நம் டெல்டாக் கரை கொள்ளிடத்திலிருந்து கோடியக்கரை வரை ஏறக்குறைய நேர் தெற்கே இறங்குகிறது, தீர்க்கரேகை 79 டிகிரி 50 நிமிடத்தை ஒட்டியே நிற்கிறது. அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1852 மீட்டர். அதனால் மேப்பும் வேண்டாம், ஸ்கேலும் வேண்டாம், கழித்தால் போதும். பழையாறு நாகப்பட்டினம் 35 கடல் மைல். நாகப்பட்டினம் வேதாரண்யம் 24. ஜிபிஎஸ் திரையில் அட்சரேகையைப் பார்த்தாலே இன்னும் எவ்வளவு பாக்கி என்று மனக்கணக்காகத் தெரியும். ஐம்பது வயதில் பூகோளம் புரிந்தது எனக்கு.

மச்சினன் தன் கணக்கைச் சொன்னான். படகு மணிக்கு 6 கடல் மைல் ஓடும், 59 மைலுக்குப் பத்து மணி நேரம், மோட்டார் முழு வேகத்தில் மணிக்கு 4 லிட்டர் குடிக்கும், 40 லிட்டர், இரண்டு 25 லிட்டர் கேன் போதும். கணக்கு சரிதானே? அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார், "தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?" ஐப்பசி கார்த்திகையில் கரையோர நீரோட்டம் தெற்கே போகும், மாசி பங்குனியில் வடக்கே. நாங்கள் போவது தெற்கே. முக்கால் மைல் தண்ணீரே தின்றுவிடும் என்று வைத்தால் மணிக்கு ஐந்தேகால், பதினோரு மணி நேரத்துக்கு மேல், 45 லிட்டர். மூன்றில் ஒரு பங்கைத் தொடவே கூடாது என்பது அவருடைய சட்டம், அதாவது 45 செலவுக்கு என்றால் அதில் பாதியைக் கூடுதலாக வை. 67 வருகிறது, 70 என்று எடுத்துக்கொள், மூன்று கேன். காரைக்காலில் பெட்ரோல் விலை குறைவு, வழியில் நுழைந்து நிரப்பிக்கொள்ளலாம் என்று மச்சினன் ஒரு யோசனை சொன்னான் (நாகை பக்கத்து ஆட்களுக்கு அது ரத்தத்தில் ஊறியது, வாஞ்சூரைத் தாண்டினால் வண்டி தானாக பங்குக்குத் திரும்பும்). "நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க முகத்துவாரத்துல ரெண்டு தடவை உயிரைக் கொடுக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் பீடி பற்றவைத்தார். நான் வெளியே போனேன்.

முகத்துவாரம்தான் இந்தக் கரையில் பெரிய விஷயம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆறு கொண்டுவந்து கொட்டுகிற மணல் வாய்ப்பக்கம் திட்டாகக் கிடக்கும், நம் பக்கம் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும் வற்றும்போது ஆற்றுத் தண்ணீர் வெளியே பாய, எதிரே கடல் அலை உள்ளே வர, இரண்டும் அந்தத் திட்டின் மேல் மோதி அலை செங்குத்தாக எழும்பும். நடுக்கடலில் ஒன்றும் ஆகாத படகு அங்கே கவிழும். அதனால் ஏறுதண்ணீரில்தான் வெளியேற வேண்டும், இருட்டில் கூடவே கூடாது. மச்சினன் விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி ஒரே மூச்சில் போய்விடலாம் என்றிருந்தான். அண்ணன் பயணத்தை இரண்டாகப் பிரித்தார்: விடிந்த பிறகு கிளம்பி மதியம் கடல்காற்று பலமாவதற்குள் நாகப்பட்டினம், ராத்திரி அங்கே தங்கல், மறுநாள் மிச்சம். பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகை நான்கிலும் ஒதுங்குவதற்கு நுழைய வேண்டிய இடங்களை ஜிபிஎஸ்ஸில் முன்கூட்டியே குறிக்கவைத்தார். இவ்வளவுக்கும் தனிக் கூலி எதுவும் போடவில்லை.

லைஃப் ஜாக்கெட் கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் மூவருக்கும் மூன்று ஜாக்கெட் ஆன்லைனில் வாங்கியிருந்தேன், 100 நியூட்டன் என்று அச்சடித்திருந்தது, விலை ஒன்று 650. 100 நியூட்டன் என்றால் பத்து கிலோவைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அண்ணன் ஒரு ஜாக்கெட்டில் பத்து கிலோ எடைக்கல்லைக் கட்டி டிரம்மில் போட்டார். நேராக அடிக்குப் போய்விட்டது. ஐந்து கிலோ கட்டினார், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அதுவும் போனது. இரும்புக்குத் தண்ணீரில் எடை குறையும் வேறு, அப்படியும். விற்றவர்கள் பணத்தைத் திருப்பித் தந்தார்கள், பத்து நாள் ஆனது, அதற்கு நான் எழுதிய கடிதங்களை வைத்து ஒரு புத்தகமே போடலாம். மரைன் கடையில் நல்ல ஜாக்கெட் மூன்று மடங்கு விலைக்கு வாங்கினேன், டிரம்மில் பத்து கிலோவோடு நிமிர்ந்து நின்றது. வாங்குகிறவர்கள் அச்சடித்த எண்ணை நம்பாமல் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு காகிதத்தில் எல்லாவற்றையும் எழுதி வாங்கினார். மூன்று பேர் பெயர், வீட்டுத் தொலைபேசி, படகின் நிறம், பதிவு எண், கிளம்பும் நேரம், நாகையை அடையும் நேரம், எத்தனை மணிக்குள் போன் வரவில்லை என்றால் தகவல் சொல்ல வேண்டும் என்பது உட்பட. அதில் பெரிய எழுத்தில் இரண்டு எண்கள்: 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமம், 1554 கடலோரக் காவல்படை. காகிதம் அவர் மனைவியிடம் போனது. அந்த அக்கா அதைச் சாமி மாடத்தில் செருகிவைத்தார். படகுப் பதிவுச் சான்று, விற்றுக்கொடுத்த காகிதம், மூன்று பேர் ஆதார் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பைக்குள். தமிழ்நாட்டில் கிளம்பி, நடுவில் புதுச்சேரிக்குச் சேர்ந்த காரைக்காலைத் தாண்டி மறுபடி தமிழ்நாட்டுக்கு வருகிறோம், யாராவது நிறுத்திக் கேட்டால் படகு யாருடையது என்று காட்ட வேண்டும் இல்லையா? கடல் நிலவரத்துக்கு ஹைதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையம் இன்காய்ஸ் தருகிற அலை உயர முன்னறிவிப்பை மூன்று நாள் தொடர்ந்து பார்த்தார். ஒரு மீட்டருக்கு மேல் காட்டினால் உனக்கு லாரிதான் என்று மச்சினனிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார்.

பயணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் பட்டறைக்குக் கிடைக்கிற பெரிய சான்றிதழ். காலை ஆறேகாலுக்கு வெளியேறினோம், அண்ணன் முகத்துவாரம் தாண்டும்வரை கூடவே வந்து வழி காட்டிவிட்டு வேறு படகில் மாறிக்கொண்டார். கரையிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளியே ஓட்டினோம், போன் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரன் 1620-இல் கட்டிய கோட்டையைக் கடலிலிருந்து பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறது, கரையில் நின்று பார்த்தால் சுற்றுலா, கடலிலிருந்து பார்த்தால் கடைக்காரன் கட்டிய கோடவுன்.

காரைக்காலுக்கு நேரே மோட்டார் இருமியது. வேகம் குறைந்து இரண்டு தடவை திக்கியது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. மச்சினன் பில்டர் கிண்ணத்தைப் பார்த்தான், அடியில் இரண்டு ஸ்பூன் அளவுக்குத் தண்ணீர். பின்னால் தெறித்த தண்ணீர் கேன் மூடியின் காற்றுத் துளை வழியாக இறங்கியிருக்கிறது. நிறுத்தி, திருகைத் திறந்து விட்டு, ரப்பர் பம்பை நாலு தடவை பிசைந்து இழுத்தான், பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிடம். 1,450 ரூபாய் அங்கேயே வசூல்.

நாகூர் தர்காவின் ஐந்து மனோராக்கள் தெரிந்தபோது பன்னிரண்டு மணி இருக்கும். அங்கேதான் வலைகள் அதிகம், அண்ணன் பூம்புகார் பக்கம் இருக்கும் என்று சொல்லியிருந்தார், அது தப்பு. மிதவைக்கு மிதவை ஒதுக்கி ஒதுக்கி அரைமணி நேரம் வீணானது. ஒன்றேகாலுக்கு நாகை. காகிதம் வைத்திருந்த அக்காவுக்கு போன் போட்டதும், சொன்ன நேரத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது, அதற்குள் ஏன் கூப்பிடுகிறீர்கள் என்றார். மறுநாள் வேளாங்கண்ணிக் கோபுரத்தைத் தாண்டியபின் தெற்கே ஒதுங்க இடம் குறைவு என்பதால் மூவரும் பேசாமலே உட்கார்ந்திருந்தோம், பதினொன்றரைக்குக் கரை. மொத்தப் பெட்ரோல் 47 லிட்டர். அவர் சொன்னது 45.

குறை சொல்ல வேண்டாமா? இரண்டு நாள் என்றது ஐந்து நாள் ஆனது, அதில் ஒரு நாள் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார், சொல்லக்கூட இல்லை. இம்பெல்லர், சீல், கியர் ஆயில், பில்டர், பிளக் இரண்டு, கூலி 2,500 எல்லாம் சேர்த்து 7,200 வாங்கினார், எதற்கு எவ்வளவு என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிச் சொல்வார், ஒவ்வொரு தடவையும் கூட்டல் வேறு வரும். லாரியே மலிவு என்று என் மனைவி இன்றைக்கும் கணக்குப் போட்டுக் காட்டுகிறாள், மூன்று ஜாக்கெட்டையும் நாகையில் தங்கியதையும் சேர்த்தால் அவள் சொல்வது சரிதான். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அவசரத்துக்கு என்று மோட்டாரை இழுத்து ஸ்டார்ட் செய்யும் கயிறு ஒன்று உபரியாகக் கொடுத்திருந்தார். நாகையில் சும்மா இருக்கிறோமே என்று எடுத்து அளந்து பார்த்தால் ஒரு முழம் குறைவு. உள்ளே சுற்றினால் கைப்பிடிக்கு எட்டாது. காரைக்காலில் மோட்டார் நின்ற நேரத்தில் பழைய கயிறு அறுந்திருந்தால்? திரும்பி வந்து சண்டை போட்டேன். கயிற்றை வாங்கிப் பார்த்தார், "அளக்காம வாங்கிட்டுப் போனியா?" என்று என்னையே கேட்டுவிட்டு வேறு ஒன்று வெட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

போகிறவர்கள் ஏப்ரல் 15-க்கு முன்னால் போய்விடுங்கள். அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையேறி மராமத்துக்கு நிற்கும், பெரிய என்ஜின் வேலைக்கு அவரையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், கொட்டகையில் ஆள் இருக்காது. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை தூங்குவார், அப்போது போய் எழுப்பிவிட்டு விலை பேசாதீர்கள்.